அரிசியைத் தொடாதவர்

எடை குறையாத நடையர் தருமபுரி நகரில் விடிகாலை ஐந்தரை மணிக்கு ராமாக்காள் ஏரிக்கரையிலும் மாவட்ட விளையாட்டு மைதானத்திலும் காணக் கிடைப்பார். வயது நாற்பத்தைந்துக்கு மேல். மழை வந்தாலும் பனி கொட்டினாலும் இவர் நடையை விடமாட்டார். தொப்பையும் இவரை விடாது. நாளுக்குப் பத்தாயிரம் அடி என்பது இவர் வைத்திருக்கும் கணக்கு. அதை வகுத்தது எந்த மருத்துவரும் அல்ல. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடி எண்ணும் கருவியை விற்பதற்காக 1965-இல் அதற்குச் சூட்டிய பெயரிலிருந்து கிளம்பிய எண் அது. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான் என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இவரை அடையாளம் காட்டுவது பேச்சுத்தான். பார்த்த இரண்டாவது நிமிடத்தில், "அரிசியவே தொடறதில்லைங்க" என்பார். "அப்படிங்களா" என்று கேட்டுவைத்தவருக்கு அடுத்த சுற்று முழுக்கக் களிதான். தாத்தா களி தின்றே தொண்ணூறு வயது இருந்த கதை வரும். அந்தத் தாத்தா பகலெல்லாம் ஏர் பின்னால் நடந்தவர் என்பதும், பேரன் பகலெல்லாம் நாற்காலியில் இருப்பவர் என்பதும் கதையில் வராது. 2023-இல் நீலகிரிக்கும் தருமபுரிக்கும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, "கவர்மெண்டே கொடுக்குதுங்க" என்ற சான்றும் சேர்ந்துகொண்டது.

களியின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். குண்டானில் தண்ணீர் கொதித்ததும் அரிசி நொய்யைப் போட்டுக் குழைய வேகவிடுவார்கள். அதன் மேல் கேழ்வரகு மாவைக் கொட்டி, வெந்ததும் கட்டையால் கிண்டி, ஈரக் கையால் உருட்டி வட்டலில் வைப்பார்கள். அதாவது, அரிசியைத் தொடாதவரின் உருண்டைக்குள் அரிசி வெந்துதான் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உருண்டையின் நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. குழியில் கீரைக் கடைசல், அல்லது அவரைக்கொட்டைக் குழம்பு. ஞாயிறானால் கோழிக் குழம்பு; குழம்பு இவருடைய கணக்கில் வராது. களியை மெல்லக் கூடாது, முழுங்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். மெல்லாமல் இறங்கும் உணவு போதுமா, போதாதா என்று வயிறு யோசிப்பதற்குள் இரண்டாவது உருண்டை வந்துவிடும். அதையும் மறுக்கமாட்டார். சத்தானதாயிற்றே!

கேழ்வரகின் பெருமை பொய்யில்லை. 100 கிராமில் கால்சியம் மட்டும் 340 மில்லிகிராமுக்கு மேல், நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அதே 100 கிராமில் ஏறத்தாழ 320 கலோரியும் உண்டு. அரிசியில் 350 சொச்சம். எண்பது கிலோ ஆள் ஒரு மணி நேரம் விறுவிறுவென நடந்தால் செலவாவது 300 கலோரிக்குப் பக்கத்தில். ஆக, ஏரிக்கரையில் இறங்கியது ஒரே உருண்டையில் ஏறிவிடுகிறது. இரண்டாவது உருண்டைக்கு நடக்க ஏரிக்கரையில் இவருக்கு நேரமில்லை.

இந்த இனம் தருமபுரிக்கு மட்டும் சொந்தமல்ல. 1200 கலோரிக்குள் சாப்பிட்டும் இளைக்கவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரை நியூயார்க்கில் ஆராய்ந்து, 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் உடல் எரித்த ஆற்றலில் எந்தக் குறையும் இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் போல நடையரும் பொய்யர் அல்லர். மாலையில் தேநீரோடு தின்ற வேர்க்கடலை உண்மையிலேயே இவர் நினைவில் இருப்பதில்லை.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம், காலையில் நெல்லிச் சாறு ஆகியவையும் வழக்கத்தில் உண்டு. வெல்லத்தின் கலோரி சர்க்கரைக்கு இளைத்ததல்ல. நெல்லிக்கு இவர் சாட்சிக்கு அழைப்பது தகடூர் அதியமானை. அதியமான் ஔவைக்குக் கனி கொடுத்தது நெடுநாள் வாழ, இடுப்பு குறைய அல்ல. தைராய்டு குறைவும் சில மாத்திரைகளும் எடையைக் கூட்டும் என்பது மெய்தான். ஆனால் தைராய்டு சோதனை முடிவு சரியாக வந்த அன்று இவர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம்.

களியைக் கிண்டுபவர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நடையர் கிளம்பும் முன்பே எழுந்து, கொதிக்கும் குண்டானைக் காலால் அணைத்துக் கட்டையைச் சுழற்றுபவர் அவர் மனைவி. இவருக்குக் களி, பிள்ளைகளுக்கு இட்லி, மாமியாருக்குக் கஞ்சி என மூன்று சமையல்; மிஞ்சியதுதான் அவருக்கு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அதிக எடையுள்ளவர்கள் பெண்களில் 40 சதவீதம், ஆண்களில் 37. ஏரிக்கரையிலோ ஆண்கள் கூட்டம்தான். அந்த அம்மாவுக்கு நடக்க ஒரு மணி நேரம் யாரும் ஒதுக்கவில்லை. அவர் எடையைப் பற்றி ஏரியைச் சுற்றிப் பேசவும் ஆள் இல்லை. இது வேடிக்கையில் சேராது.

நடையருக்குக் கிடைத்த லாபம் இவருக்கே தெரியாது. எடை இறங்காவிட்டாலும் நடையால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கும். இவருக்கும் இறங்கியிருக்கிறது, மருத்துவர் பாராட்டினார். இவர் அதைக் காதில் வாங்காமல் எடை எந்திரத்தையே முறைத்துக்கொண்டு நின்றார். கூட நடப்பவர் ஒருநாள் வராவிட்டால் வீடு தேடிப் போய் விசாரிப்பவரும் இவர்தான். போன இடத்தில் பலகாரம் கொடுத்தால் மறுப்பது மரியாதையல்ல என்பதும் இவர் கொள்கை.

2024-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, தட்டில் பாதி காய், கீரை, பழமாக இருக்கட்டும் என்றது. நடையர் உடனே ஏற்றுக்கொண்டார். பழைய வட்டலில் காய்க்கு இடம் போதவில்லை. கடைவீதிக்குப் போய்ப் பெரிய வட்டலாக வாங்கிவந்துவிட்டார். உருண்டை இரண்டும் பழைய அளவிலேயே இருக்கின்றன.