ஐந்தரை மணிக்கு ராச்சாப்பாடு

லண்டன்,
ஜூன் கடைசி வாரம்.

அன்புள்ள மாமாவுக்கு,

வெற்றிலைக் கொடிக்கால் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் பாதிதான் காதில் விழுகிறது, எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி அனுப்புடா என்றீர்கள். எழுதுகிறேன். படிப்பு ஒழுங்காக நடக்கிறது. அந்த விஷயம் இத்தோடு முடிந்தது. இனி நாடகம்.

இந்த ஊரில் நாடகம் பார்ப்பதென்றால் முதலில் வயிற்றுக்கு வழி பண்ண வேண்டும். ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கும். ஏழரை என்றால் ஏழரைதான். நாட்டாமை இன்னும் வரவில்லை, மைக்செட்காரர் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்ற பேச்சே கிடையாது. பிந்திப் போனால் வாசலிலேயே நிறுத்திவைத்து, தோதான இடம் வரும்போதுதான் உள்ளே விடுவார்கள். அதனால் கொட்டகைகளைச் சுற்றியுள்ள ஓட்டல்களில் நாடகத்துக்கு முந்திய சாப்பாடு என்று தனி அட்டையே போட்டிருக்கிறான். ஐந்து மணிக்கு ஆரம்பம். இரண்டு மூன்று வகைதான், விலை கொஞ்சம் மட்டு. ஐந்தரை மணிக்கு ராச்சாப்பாடு, மாமா! ஜூன் மாதம் இங்கே பொழுது சாய ஒன்பதைத் தாண்டிவிடும். சன்னல் வழியே வெயில் மூஞ்சியில் அடிக்க, மேசையில் மெழுகுவத்தி ஏற்றிவைத்துப் போகிறார் பரிமாறுகிறவர். நம் ஊரில் அந்நேரம் பஜ்ஜிக்குத்தான் எண்ணெய் காயும்.

எங்கள் கூட்டத்தில் கானா நாட்டுக்காரன் ஒருவன், போலந்துக்காரி ஒருத்தி, சீனாவில் செங்டு ஊர்ப் பையன், யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்து இங்கேயே வளர்ந்த ஒரு அக்கா. பில் வந்ததும் இவர்களைப் பார்க்க வேண்டும். நீங்களும் சித்தப்பாவும் 'நான்தான் குடுப்பேன்' என்று கல்லாவுக்கு முன்னால் ஒருவர் கையை ஒருவர் முறுக்குவீர்களே, அந்தச் சண்டையே இல்லை. ஆளாளுக்கு செல்போனை எடுத்துக் கணக்குப் போடுகிறார்கள். போலந்துக்காரி ரொட்டியைத் தொடவில்லையாம், அதைக் கழிக்கிறாள். அடியில் சேவைக் கட்டணம் 12.5 சதவீதம், விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்று அச்சடித்து, கூட்டுத்தொகையில் ஏற்கெனவே சேர்த்தும் வைத்திருக்கிறான். விருப்பமில்லை என்று வாய் திறந்து சொன்ன ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. நம் மொய் நோட்டாவது பெயரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதும்.

இனி உங்களுக்குப் பிடித்த சமாச்சாரம். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் குளோப் என்று ஷேக்ஸ்பியர் கொட்டகை இருக்கிறது. அசல் கொட்டகை 1613இல் எரிந்துபோனது. எட்டாம் ஹென்றி நாடகத்தில் ராஜா வருகைக்கு பீரங்கி வெடித்திருக்கிறார்கள். பொறி போய்க் கூரையில் விழுந்துவிட்டது. ஒரு ஆளுக்குக் கால்சட்டையில் தீப்பிடித்து, பக்கத்தில் இருந்த பீரை ஊற்றி அணைத்ததாக அந்தக் காலத்துக் கடிதம் ஒன்றில் இருக்கிறது. ஆள் சேதமில்லை, பீர்தான் வீண். அந்தக் கொட்டகையைத் தேடி 1949இல் சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் வந்தால், சுவரில் ஒரு பெயர்ப் பலகைதான் மிச்சமாம். அதைப் பொறுக்க மாட்டாமல் மறுபடி கட்டப் பணம் திரட்டுவதிலேயே ஆயுசைக் கழித்தார். 1993இல் போய்ச் சேர்ந்துவிட்டார். புதுக் கொட்டகை 1997இல் திறந்தது. கூரை மறுபடியும் நாணல்தான். 1666இல் லண்டனே எரிந்த பிறகு இந்த ஊருக்குள் நாணல் வேய அனுமதி கிடைத்த முதல் கட்டடம் இதுதான். இப்போது கூரைக்கு மேலே தண்ணீர்க் குழாய் ஓடுகிறது.

கூரை என்றதும் நமக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அது காசுள்ள ஆட்கள் உட்காரும் மாடத்துக்கு. நடுவில் திறந்தவெளி. எங்களைப் போன்றவர்கள் அங்கே நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும். பல வருஷம் அந்த டிக்கெட் ஐந்து பவுண்டு. இப்போதும் சல்லிசுதான். மழை வந்தால் நனையலாம். பின்னால் நிற்பவருக்கு மறைக்கும் என்று குடைக்குத் தடை. தரையில் உட்காரவும் கூடாது. கானாக்காரன் சுவரில் முதுகைக் கொடுத்து மெல்லச் சரிந்தான். ஊழியப் பாட்டி ஒருவர் வந்து புன்சிரிப்போடு தட்டி எழுப்பிவிட்டார். கோரைப்பாயை விரித்து, தலைக்குத் துண்டைச் சுருட்டி வைத்து, முந்தானையில் கடலையோடு நாடகம் பார்க்கிற நம் சோழவந்தான் சனம் இந்த ராஜரீகத்தைக் கண்டால் என்ன சொல்லும் என்று யோசித்துக்கொண்டே கால் மாற்றிக் கால் நின்றேன்.

ஆனால் ஆட்டம் தொடங்கியதும் கால்வலி மறந்துவிட்டது, மாமா. அன்று 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்'. தச்சன், நெசவாளி, பாத்திரம் அடைப்பவன் என்று ஆறு தொழிலாளிகள் சேர்ந்து பிரபு கல்யாணத்துக்கு நாடகம் போடக் கிளம்புகிறார்கள். நெசவாளிக்குக் கழுதைத் தலை வந்துவிடுகிறது. அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எங்களுக்கு நடுவிலேயே நடந்து வந்தான். செங்டு பையன் முன்னால் நின்று, "நான் அழகாகத்தானே இருக்கிறேன்?" என்கிற மாதிரி கண்ணை உருட்டி, பதில் வரும்வரை நகரவில்லை. பையன் 'ஆமாம்' என்றான். கூட்டம் குலுங்கியது. அசல் நம் ஊர் நாடகத்துப் பபூன்! நீங்கள் முன்வரிசையில் இருக்கும் தெம்பில் எதிர்க்கேள்வி போடுவீர்களே, அதற்கு இங்கே யாருக்கும் துணிச்சலில்லை.

இடைவேளையில் இவர்களுக்கு நம் ஸ்பெஷல் நாடகத்தைச் சொன்னேன். ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் திண்டுக்கல், பபூன் மதுரை, ஆர்மோனியம் வேறொரு ஊர். ஒத்திகை கிடையாது. சில சமயம் அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்புறம் விடியவிடிய வள்ளி திருமணம். போலந்துக்காரி நம்பவில்லை. ஒத்திகை இல்லாமல் எப்படி என்றாள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்துவிட்டுப் போன பாட்டும் வசனமும் எல்லாருக்கும் பாடம், அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை பேரும் நடக்கிறார்கள் என்றேன். 1918இல் அவர் மதுரையில் பையன்களைச் சேர்த்து சபா வைத்ததையும், 1922இல் காலமானதையும் சொன்னேன். நூறு வருஷம் கழித்தும் அதையேதான் ஆடுகிறார்களா என்றாள். நாம் இப்போது நின்றுகொண்டு பார்க்கிற நாடகம் எத்தனை வருஷத்துச் சரக்கு என்று திருப்பிக் கேட்டேன். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தை மட்டும் என்னால் விளக்க முடியவில்லை. தினைப்புனத்துப் பெண்ணும் தேவலோகத்து முனிவரும் ஒரு மணி நேரம் வாயாலேயே மல்லுக்கட்டுவதும், யார் ஜெயித்தார் என்று ஊர் இரண்டுபட்டு மறுநாள் டீக்கடையில் பேசுவதும் இங்கிலீஷில் வரமாட்டேன் என்கிறது.

இன்னொரு கொட்டகையில் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' ஓடுகிறது. 1952இல் தொடங்கியது. கொரோனா சமயத்தில் மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். எத்தனையாவது ஆட்டம் என்று முன்கூடத்தில் மரப்பலகையில் எண் மாற்றுகிறார்கள். கடைசியில் ஒரு நடிகர் முன்னால் வந்து, கொலைகாரன் யாரென்று வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார். அத்தையிடம் கதையைப் பாதி சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக யாருடா அது என்று கேட்டுக் குடைகிறார். இடைவேளையில் அங்கே ஐஸ்கிரீம் விற்கிறார்கள். உள்ளங்கை அளவு டப்பா, மூடிக்குள்ளேயே குட்டிக் கரண்டி. மதுரை விளக்குத்தூணில் ஜிகர்தண்டா குடித்து வளர்ந்தவன் அதை எந்த நாக்கால் தின்பது?

தொல்லை எல்லாம் ஆட்டம் விட்ட பிறகுதான். பத்தரை மணி. ஐந்தரைக்குச் சாப்பிட்டது எங்கே போனதென்று தெரியவில்லை. நம் ஊரில் நாடகம் தொடங்குகிற நேரம் அது. இங்கே நாற்காலியைக் கவிழ்த்து மேசைமேல் வைக்கிறான். பல ஓட்டலில் அடுப்பை அணைத்தாச்சு என்று கையை விரித்துவிட்டார்கள். தூங்காநகரத்துப் பிள்ளைக்கு இப்படி ஒரு கதி. கடைசியில் யாழ்ப்பாணத்து அக்காதான் ஈஸ்ட்ஹாமுக்குக் கூட்டிப்போனார். அங்கே தெருவுக்குத் தெரு தமிழ்ப் பலகை, மாமா. நேரம் கழித்தும் திறந்திருந்த ஒரு கடையில் கொத்து ரொட்டி. தகரத்தில் இரும்பு விழுகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சால்னா கேட்டால் கடைக்காரர் என்னைப் பார்க்கிறார். "கொத்து எங்கட சாமான், உங்களுக்கு அதிலை என்ன கதை?" என்று அக்கா ஆரம்பிக்க, மதுரைக் கொத்துப் பரோட்டாவுக்காக நான் எழுந்து நின்று வாதாட, சாப்பாடு ஆறிப்போனது. செங்டு பையன் மட்டும் ஒரு பச்சை மிளகாயை வெறுமனே மென்று, 'இதையா காரம் என்கிறீர்கள்?' என்றான்.

இதில் ஒரு விபரீதம் நடந்திருக்கிறது. அந்தப் பையனும் கானாக்காரனும் பங்குனியில் என்னோடு ஊருக்கு வருவதாகக் கிளம்பிவிட்டார்கள். வள்ளி திருமணம் பார்த்தே ஆக வேண்டுமாம். டிக்கெட் எங்கே எடுப்பது, இடைவேளை எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்கள். பாய் மட்டும் போதும், மிச்சத்தை மாமா பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பக்கத்தில் எந்த ஊரில் நாடகம் போடுகிறார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். பில் வரும்போது சித்தப்பாவோடு சண்டை போடாமல் இருந்துவிடாதீர்கள். கானாக்காரன் அதைப் பார்க்கத்தான் பாதி ஆசையாக வருகிறான். அத்தை கோழிக்குழம்பில் மிளகாயைக் குறைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்