உக்கார எடமில்லாத பைக்கு ஒனக்கெதுக்கு, தம்பி?

கேள்விப்பட்டேன் தம்பி. ட்ரையல் பைக் வாங்கப் போறியாம். நல்ல காரியம். வீட்டுல பொண்ணு பாத்துக்கிட்டிருக்கிற நேரத்துல, பின்னாடி ஒருத்தி உக்காரவும் எடமில்லாம, முன்னாடி நீ உக்காரவும் எடமில்லாம ஒரு வண்டி. இதைவிடப் பொருத்தமா கண்டி டவுன்ல வேறென்ன கெடைக்கும்?

என்னையத் தேடி ஏன் வந்தேன்னும் தெரியும். தோட்டத்துப் பக்டரியில மெஷினைக் கழட்டி மாட்டி நரைச்ச தலை இது. சின்னத்தொரைமாரு மலையில போட்டு ஒடைச்சுக் கொண்டாந்த மோட்டார் சைக்கிளுக்கெல்லாம் இந்தக் கையாலதான் உசுரு வந்துச்சு. கெழவனுக்கு என்னா தெரியும்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டே கேக்கிற. நெனச்சுக்கோ. கேட்டுட்டு நெனை.

மொத சங்கதி, இது வெரசாப் போற வண்டி இல்ல. நுவரெலியாவுல மஹகஸ்தோட்டை மலையேத்தப் போட்டி 1930கள்ல இருந்து நடக்குது. அங்க கடிகாரத்தைப் பாப்பாங்க. தியத்தலாவையில ராணுவக்காரங்க வெக்கிற பொக்ஸ் ஹில் போட்டியில யாரு முந்துறான்னு பாப்பாங்க. ட்ரையல்ல பாக்கிறது ஒன் காலை. பாறை, சேறு, ஆத்துக்கல்லு, மரவேரு இதுக்கு நடுவால நாடா கட்டி ஒரு பாதை விட்டிருப்பாங்க. அதுக்குப் பேரு செக்‌ஷன். ஒருத்தரு பக்கத்துல நின்னு, ஒன் மூஞ்சியை ஏறெடுத்தும் பாக்காம, காலையே பாத்துக்கிட்டிருப்பாரு. ஒருக்கா தரையில பட்டா 1. ரெண்டு தரம் பட்டா 2. மூணு பட்டாலும் முப்பது பட்டாலும் 3. விழுந்தாலோ, பின்னால போனாலோ, நாடாவுக்கு வெளிய போனாலோ 5. காலே படலைன்னா பூஜ்யம். கடைசியில கூட்டிப் பாத்து, யாருக்குக் கொறைச்சலோ அவனுக்குத்தான் கப். பள்ளிக்கூடத்துல நீ வாங்குன மார்க்குக்கு மரியாதை கெடைக்கிற வெளையாட்டு ஒலகத்துல இது ஒண்ணுதான்.

மழை நாள்ல கொழுந்துக் கூடையோட வழுக்குப் பாறையில ஏறி வர்ற நம்ம பொம்பளைங்களைப் பாத்திருக்கியா? கால் வெக்கிற எடத்தைக் கண்ணால ஒருக்கா மிதிச்சுப் பாத்துட்டுத்தான் காலால மிதிப்பாங்க. ட்ரையல்காரனும் அதே சாதி. பைக்கை ஓரத்துல நிறுத்திட்டு, செக்‌ஷனை மொதல்ல நடந்து பாப்பான். எந்தக் கல்லு ஆடும், எந்த வேரு வழுக்கும், எங்க கிளச்சை விடணும், எல்லாத்தையும் யோசிச்சு வெச்சுட்டுத்தான் ஏறுவான். நீ என்னடான்னா, ஹெல்மெட்டை மாட்டுறதுக்கு முந்தியே கியரைப் போடுற ஆளு. பொம்பளைங்கன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. ஸ்பெயின்காரி லாயா சன்ஸ் பெண்கள் ட்ரையல்ல 13 தரம் உலகச் சம்பியன். அது பத்தாதுன்னு டக்கார் பாலைவன ராலிக்கும் போயிட்டா. பொண்ணு பாக்கப் போற எடத்துல இந்தக் கதையைச் சொல்லிப் பாரு, ஒருவேளை ஒனக்குப் பதிலா அவங்களே வண்டியை வாங்கிக்குவாங்க.

சரி, வண்டியை எப்பிடி அடையாளம் கண்டுபிடிக்கிற? நம்ம ஊர்ல மட்கார்ட் ஒசந்திருந்து டயர்ல கட்டை கட்டையாப் பூ இருந்தா, விக்கிறவன் வாயில எல்லாமே ட்ரையல்தான். ஹொண்டா எக்ஸ்எல், பாஹா, யமஹா டிடி எல்லாம் ட்ரெயில் வண்டி. நல்ல வண்டிங்கதான், ஹேவாஹெட்ட ரோட்டுல ரெண்டு பேரு ஏறிப் போகலாம், கறி வாங்கிட்டு வரலாம். ஆனா அது வேற குடும்பம். ட்ரையல் வண்டின்னா, தூரத்துல இருந்து பாக்கிறப்பவே எடுப்புல ஒரு பள்ளம் தெரியும். சீட்டு இருக்க வேண்டிய எடம் ரெண்டு சில்லுக்கும் நடுவுல தொங்கிக் கெடக்கும், பழசுல பேருக்கு ஒரு மெத்தை, புதுசுல அதுவும் கெடையாது. ஓட்டுறவன் ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் நின்னுக்கிட்டேதான். மிதிகட்டை தாழ்ந்து, கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். ஹேண்டிலைத் திருப்பிப் பாரு, நின்ன எடத்துலயே வளையும். முன்சில்லு 21 அங்குலம், ஒல்லி. பின்சில்லு 18, தடிச்ச மெத்துன்னு இருக்கிற டயர். எஞ்சினுக்குக் கீழ தகடு, கல்லுல ஒக்கார வெச்சாலும் தாங்கும். புது வண்டி மொத்தமும் 70 கிலோவைச் சுத்தித்தான். நீயே அதைவிடக் கூட. ஓட்டுறவனைவிட லேசான வண்டி, அதனாலதான் அவன் ஒடம்பு சாயிற பக்கம் அது சாயுது.

இன்னொரு ஏமாத்து இருக்கு. மெட்ராஸ்ல செய்யிற ரோயல் என்ஃபீல்ட் 2019ல 'புல்லட் ட்ரையல்ஸ்'னே பேரு வெச்சு ஒண்ணு விட்டான். 1952லயும் 1957லயும் ஸ்கொட்லாந்து ஆறு நாள் ட்ரையலை புல்லட்டுல ஜெயிச்ச ஜொனி பிரிட்டன் ஞாபகார்த்தமாம். ஞாபகம் வெக்க வேண்டிய ஆளுதான். ஆனா கம்பனி விட்ட வண்டி 190 கிலோவை ஒட்டி. மேல தூக்கி வெச்ச சைலன்சர், வெள்ளிக் கலர் டாங்கி, சிவப்பு இல்லாட்டி பச்சைச் சட்டம், பாக்க மாப்பிள்ளை மாதிரித்தான். அதைப் பாறை மேல ஏத்தணும்னா பெரஹெராவுல இருந்து ரெண்டு ஆனையையும் கூட்டிட்டுப் போ.

பழைய வண்டி மேல ஆசையா? அது வேற வியாதி, மருந்தும் கெடையாது. அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரங்க 500 சீசீ ஏரியல்ல, நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் தக் தக்குன்னு அடிக்க, மலையேறினாங்க. அதுல பெல்ஃபாஸ்ட்காரன் சமி மில்லர் ராசா. ஜீஓவீ 132ன்னு அவன் ஏரியலோட நம்பர் பிளேட்டைச் சொன்னாலே, ரசிகன்ங்கிறவன் எந்திரிச்சு நிப்பான். அப்பேர்ப்பட்ட ஆளு 1964 கடைசியில ஸ்பெயினுக்குப் போயி, புல்டாக்கோ கம்பனிக்கு ஷெர்பா-டி ன்னு ரெண்டு ஸ்ட்ரோக் வண்டியைச் செதுக்கிக் குடுத்தான். அடுத்த வருஷமே ஸ்கொட்லாந்துல அதை வெச்சு ஜெயிச்சான். ரெண்டு ஸ்ட்ரோக் அங்க மொதல்ல ஜெயிச்சது அப்பத்தான். பெரிய எஞ்சின் வெச்சிருந்தவனெல்லாம் மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனான். பெறகு 1968ல மொன்டேசா கோட்டா, மிக் அண்ட்ரூஸ் ஓட்டுன ஒஸ்ஸா, அதே ஆளு யமஹாவுக்கு மாறிப்போயி 1974ல ஜெயிச்ச டீவை, ஹொண்டாவோட டீஎல், டீஎல்ஆர்னு வரிசை நீளும்.

இதுல எதையாவது ஒருத்தன் ஓலைக் கொட்டகைக்குள்ள சாக்குப் போத்தி வெச்சிருக்கேன்னு சொன்னா, டாங்கியில ஒட்டுன ஸ்டிக்கரைப் பாத்து மயங்காத. ஸ்டிக்கர் கட்டுகஸ்தோட்டையிலயே அடிப்பாங்க. குனி. சேஸி நம்பரைச் சொரண்டிப் பாரு. புல்டாக்கோவுல சேஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் பக்டரியில ஒண்ணாவே அடிச்சது. ரெண்டும் வேறன்னா, அந்த எஞ்சினுக்கு இது ரெண்டாம் கல்யாணம். வாங்கக் கூடாதுன்னு சொல்லல, ரெண்டாம் கல்யாணத்துக்கு மொதக் கல்யாணத்துச் சீதனம் குடுக்காதன்னுதான் சொல்றேன்.

இறக்குமதியும் சொல்லிடறேன். 2020 மார்ச்சுல நாட்டுக்குள்ள வண்டி வர்றதை நிறுத்தினாங்க, 2025 பெப்ரவரியிலதான் தொறந்தாங்க. நடுவுல கெடந்த அஞ்சு வருஷத்துல கழிச்சுப்போட்ட இரும்புக்கெல்லாம் தங்க வெலை. அந்த ருசி கண்டவன் இன்னும் அதே வெலையைத்தான் சொல்லுவான். ஓப்பன் பேப்பர்ல தாரேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றவன்கிட்ட, நீயும் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு வந்துரு. கையெழுத்துப் போட்ட மொதலாளி எந்த ஊர்ல, எந்த நாட்டுல, இல்ல எந்த லோகத்துல இருக்கான்னு யாருக்குத் தெரியும்? லைட்டு, ஹோர்ன், புக்கு ஒண்ணுமில்லாத சுத்தமான போட்டி வண்டின்னா ரோட்டுல எறக்கவே கூடாது. லொறியில ஏத்திக் கொண்டுபோயி, எறக்கி ஓட்டிட்டு, திரும்ப ஏத்திட்டு வரணும். பைக் வாங்கப் போயி லொறிக்கு வாடகை கட்டுற ஒரே வெளையாட்டு.

செலவுன்னு பாத்தா பெற்றோல்ல மட்டும் மிச்சம் பிடிக்கலாம். புது வண்டி டாங்கியில ரெண்டு, ரெண்டரை லீட்டரைச் சுத்தித்தான் கொள்ளும். 2022ல க்யூஆர் அட்டையில மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீட்டர்னு அளந்து ஊத்தினாங்களே, அப்ப ஒன்கிட்ட இந்த வண்டி இருந்திருந்தா நெரப்பிட்டு மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்கே குடுத்திருக்கலாம். ஆனா க்யூஆருக்கு நம்பர் பிளேட் வேணும், அது இதுல இல்லையே. காத்து அடிக்கிற எடத்துலயும் ஒரு கூத்து இருக்கு. சாதாரண பைக்குக்கு முப்பதை ஒட்டி அடிக்கிறவன்கிட்ட போயி, பின்சில்லுக்கு நாலு, முன்சில்லுக்கு ஆறு போதும் அண்ணேன்னு சொல்லு. பஞ்சரான டயருக்கு எதுக்குடா காத்துன்னு கேப்பான். டயரு அப்பிடி மெத்துன்னு இருந்தாத்தான் ஈரப் பாறையில அப்பிக்கிட்டுப் பிடிக்கும்னு அவனுக்கு வெளங்கப்படுத்திட்டு வா, முடிஞ்சா.

ரசிகனா இருக்கிறதுக்கும் ஒரு லெச்சணம் உண்டு. உலகச் சம்பியன் பட்டம்னு ஒண்ணு வந்தது 1975ல. மொதப் பட்டம் மார்ட்டின் லம்ப்கின்னுக்கு. அவன் மகன் டூகி 1997ல இருந்து 2003 வரைக்கும் ஏழு தரம் விடாமப் பிடிச்சான். 2004ல ஜப்பான்காரன் ஃபுஜினாமி, அடுத்த ரெண்டு வருஷம் ஸ்பெயின்காரன் அடம் ராகா. 2007ல வந்தான் டொனி போவ். வந்தவன் போகவே இல்ல. 2024 வரைக்கும் வெளிய நடக்கிறதுலயும், கட்டடத்துக்குள்ள நடக்கிறதுலயும் ஒரு வருஷம்கூட அடுத்தவனுக்கு விட்டுக் குடுக்கல, மொத்தம் 36 பட்டம். நம்ம அரசியல்வாதிங்க பாத்தாப் பொறாமைப்படுவாங்க. அதனால யாரு ஜெயிப்பான்னு பாக்கிறவனுக்கு இது வெளையாட்டே இல்ல. ஜெயிக்கப் போறவன் பேரு முன்கூட்டியே தெரிஞ்சும், எந்தக் கல்லுல எப்பிடி ஏறுனான்னு பாக்க முழிச்சிருக்கிறவன்தான் ரசிகன். மூஞ்சியைப் பாக்காத, பின்சில்லைப் பாரு. கூடவே உக்காந்து நீயும் மார்க்குப் போடு. மே மாசம் ஸ்கொட்லாந்துல ஃபோர்ட் வில்லியம் பக்கத்துல ஆறு நாளும் மழையிலயும் சேத்துலயும், ஒரு நாளைக்கு முப்பது செக்‌ஷன்னு ஓட்டுவாங்க. 1909ல தொடங்குனது. அதைப் பாத்தா நம்ம பங்குனி, ஐப்பசி மழையில தோட்டத்து ரோடு எவ்வளவோ தேவலைன்னு தோணும்.

இனிமேதான் நான் சிரிக்காமச் சொல்ற பகுதி. எங்க ஓட்டப் போற? ஹந்தானைப் பக்கம் கைகாட்டாத. அது 2010ல சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம்னு ஆயிருச்சு. நக்கிள்ஸ் 2000ல இருந்து பாதுகாக்கப்பட்ட காடு, 2010ல உலக மரபுரிமையில சேந்துருச்சு. அங்க இருந்து வர்ற ஊத்துத் தண்ணியிலதான் கீழ இருக்கிற லயமெல்லாம் கஞ்சி காச்சுது. ஒன் பின்சில்லு சொரண்டி விடுற மண்ணு அடுத்த மழையில யாரு வீட்டுக்குள்ள போகும்னு கண்டி மாவட்டத்துல பொறந்தவனுக்குச் சொல்லித் தரணுமா? தேயிலை மலைக்குள்ள ஏறினியோ, கானு இடியும், கல்லுக்கட்டு சரியும். பாட்டன் பூட்டன் முதுகொடிஞ்சு அடுக்குன கல்லு அது, ஒன் செக்‌ஷன் இல்ல. சொந்தக் காணி, இல்ல கைவிட்ட கல்லுக்குவாரி, அதுவும் சொந்தக்காரன்கிட்ட வாய்விட்டுக் கேட்டு வாங்கின எடமாப் பாரு. பெரிய மலையெல்லாம் வேண்டியதில்ல. நாலு கல்லு, ஒரு மரக்கட்டை, ஒரு மேடு. ஒரு வருஷம் பழகினாலும் அது தீராது.

அதுக்கும் முந்தி, இப்ப வெச்சிருக்கிறியே ஒரு பழைய வண்டி, அதை எடு. மத்தியானம் பள்ளிக்கூடம் விடுற நேரமாப் பாத்துக் கெட்டம்பேயில ஏறி, மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் வா. முன்னாடி பஸ்ஸு, பின்னாடி பஸ்ஸு, பக்கத்துல ஆட்டோ. அதுதான் கண்டி நமக்கு இலவசமாக் கட்டி வெச்சிருக்கிற செக்‌ஷன். யாரையும் இடிக்காம, யாரையும் வையாம வா. எத்தனை தரம் கால் ஊனினேன்னு நீயே எண்ணிக்கிட்டு வந்து உண்மையைச் சொல்லு. ரெண்டு இலக்கத்துக்குள்ள வந்துட்டேன்னா, ஒங்கப்பன்கிட்ட பைக் விஷயமா நான் பேசுறேன்.