கணக்குப்பொறிக்கு விளக்கேற்றுபவர்

அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் அறைக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் மாடிக்கு ஒருவராவது தப்பாமல் அகப்படுகிற மகானுபாவர் இவர். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியார் 1999-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஐ-83 பிளஸ் என்னும் கால்குலேட்டர், நான்கு சிறு பாட்டரிகளைப் போட்டுவிட்டால் மாதக்கணக்கில் ஒரு குறையும் சொல்லாமல் வரைபடம் போட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் அதன் முகத்தில் ஒளியில்லையே என்று ஊணும் உறக்கமுமின்றி வருந்துவார். இருட்டில் உட்கார்ந்து கணக்குப் போடும் நிர்ப்பந்தம் அவருக்கு ஒருநாளும் நேர்ந்ததில்லை. இனி நேரும் என்பதற்கு அறிகுறியுமில்லை. ஆனாலும், நேர்ந்துவிட்டால்?

இத்தனைக்கும், 1972-இல் ஹியூலெட்-பக்கார்ட் கம்பெனி வெளியிட்ட ஹெச்பி-35 செந்நிற எண்களோடு தானே சுடர்விட்டது; சில மணி நேரத்தில் பாட்டரியைக் குடித்தும் தீர்த்தது. அந்தத் தாகத்துக்குப் பயந்துதான், தனக்கென்று ஒளியில்லாமல் அறையின் வெளிச்சத்தை இரவல் வாங்கித் திருப்பித் தருகிற திரவப் படிகத் திரையைப் பிற்பாடு இத்தகைய கருவிகளில் பொருத்தலானார்கள். இந்தச் சரித்திரமெல்லாம் நம்மவருக்குக் கரதலப்பாடம். தெரிந்துதான் கால்குலேட்டரின் திரைக்குப் பின்னால் விளக்கு வைக்கக் கிளம்புகிறார்.

நட்சத்திரத் தலைத் திருகாணிகளைக் கழற்றியதும், திரைக் கண்ணாடியின் முதுகில் ஒட்டியிருக்கும் வெள்ளிநிறத் தாளை உரிக்க வேண்டும்; அது இருக்கும்வரை பின்னாலிருந்து ஒளி புகாது. அந்தத் தாளோ தனியே வருகிற சுபாவமுள்ளதல்ல. ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் அனுமதிக்கும் போலரைசர் ஏட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிடும். அந்த ஏடு போனால் எண்களும் போயின. கருவி உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாலும் திரையில் வெறும் சூனியந்தான். எஞ்சிய பசையைக் கைக்குழந்தைக்கு முடி இறக்கும் நாவிதரின் பயபக்தியோடு பிளேடால் சுரண்டி, சாராயத்தால் துடைத்து, புதிய ஏட்டை வைக்கும்போது, அது கால்வட்டம் திரும்பிவிட்டால் கருமையும் வெண்மையும் இடம் மாறிக் கரிய திரையில் வெள்ளை எண்கள் தோன்றும். அப்படித் தோன்றியபோது அவர் சற்றும் கலங்கவில்லை. அதுவே தம் ஆதி சங்கல்பம் என்று அறிவித்துவிட்டார்.

உயிர் நீத்த செல்போன் ஒன்றின் ஒளியைப் பரப்பும் தகட்டை அளவாக நறுக்கி, அதன் ஓரத்தில் மூன்று வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகளையும் அவற்றின் வேகத்தை அடக்க மின்தடைகளையும் பற்றவைத்து, கூட்டை மூடி, அண்டை அறைக்காரர்களை அழைத்தார். தம் சாதனையைப் பிறர் காணும்பொருட்டு, அதுவரை அனைவருக்கும் செவ்வனே வெளிச்சம் தந்துகொண்டிருந்த அறை விளக்கை அணைத்தார். திரை பிரகாசித்தது, எல்லோரும் வாழ்த்தினார்கள். ஏதாவது கணக்குப் போட்டுக் காட்டும்படி ஒருவர் கேட்டார். கைவசம் கணக்கு எதுவும் இல்லாதபடியால், விளக்கு எத்தனை நேரம் எரியும் என்பதையே போட்டார்: பாட்டரியின் கொள்ளளவு உத்தேசமாக ஆயிரம் மில்லியாம்பியர்-மணி, விளக்குக்கு இருபதாக மூன்றுக்கும் அறுபது மில்லியாம்பியர். கரிய திரையில் 16.66666667 என்று வெள்ளை எண்கள் ஜாஜ்வல்யமாய் எழுந்தன.

மாதங்கள் மணிகளாகிவிட்டனவே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய சிந்தையோ அந்தச் செல்போனின் பாட்டரியிலும் கொஞ்சம் ஜீவன் மிச்சமிருக்குமே என்பதில் போயிற்று. அறை விளக்கைப் போட்டுவிட்டு, அதை நுழைக்க உள்ளே இடமிருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் திருகாணிகளைக் கழற்றலானார்.