வெட்ட வேண்டிய இடங்கள்

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்,
மத்திய திரைப்படத் தணிக்கை வாரியம்,
சாஸ்திரி பவன், ஹாடோஸ் சாலை, சென்னை.

பொருள்: படம் போக, பார்ப்பவர்களையும் தணிக்கை செய்யக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

குழந்தைகள் மேல் தங்களுக்குள்ள அக்கறைக்கு மயிலாப்பூர்வாசியின் நன்றி. 2024-ல் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தீர்கள். இது பெற்றோருக்குச் சொல்லும் யோசனை மட்டுமே என்றும் தெளிவாக்கப்பட்டது. யோசனை திரையில் ஓடும் நேரத்தில் பெற்றோர் பாப்கார்ன் வரிசையில் நிற்கிறார்கள்.

தியேட்டர் வாசலில் நிற்கும் ஊழியர்களுக்கு மட்டும் அந்த யு/ஏ எழுத்து வேண்டும்போது கண்ணில் படுகிறது. இந்தப் பிரிவு வருவதற்கு முன், 2023 மார்ச் 30 அன்று 'பத்து தல' பார்க்கக் கோயம்பேடு ரோகிணிக்கு டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தைத் தடுத்தார்கள். பிறகுதான் உள்ளே விட்டார்கள். வீடியோ பரவியதும் தியேட்டர் சொன்ன காரணம், படம் யு/ஏ, பிள்ளைகளுக்கு 12 வயது ஆகவில்லை என்பது. பெற்றோர் கூட இருந்தால் யு/ஏ யாரையும் தடுக்காது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. காரில் வந்து இறங்கும் கைக்குழந்தையிடம் யாரும் பிறந்த தேதி கேட்டு நான் பார்த்ததில்லை.

2025-ல் ரஜினியின் 'கூலி'க்கு ஏ கொடுத்தீர்கள். தயாரித்த சன் பிக்சர்ஸ் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் அது யு/ஏ ஆகவில்லை. ஆக, பிள்ளைகளே இல்லாத அரங்கில் பெரியவர்கள் மட்டும் அமர்ந்து ரசிக்கும் பாக்கியம் வாய்த்தது. அந்தக் காட்சிக்கு அடியேன் தயாரித்த வெட்டுப் பட்டியலைப் பரிசீலிக்கவும்.

ரஜினி அறிமுகத்தில் முன்வரிசை முழுக்கக் கைப்பேசிகள் எழும்பி அவர் முகத்தையே மறைக்கின்றன: மங்கலாக்கவும். "தியேட்டர்லதான் இருக்கேன், பரவால்ல சொல்லு" என்று தொடங்கி வேளச்சேரி ஃபிளாட்டின் அட்வான்ஸ், மெயின்டனன்ஸ் வரை போன உரையாடல்: ஒலியை நீக்கவும். இடைவேளைக்குப் பின், முதல் நாளே பார்த்துவிட்ட மாமா அடுத்தடுத்த காட்சிகளை மாமிக்கு முன்கூட்டியே வழங்குகிறார்: மாமாவை முழுவதும் வெட்டவும், மாமி இருக்கட்டும். என் தோளருகே நீண்டிருந்த பின்சீட்டுக்காரரின் காலை, சிகரெட் காட்சிக்குப் போடுவதுபோல ஓரத்தில் எச்சரிக்கை வாசகத்தோடு அனுமதிக்கலாம். வயதானவர்.

திருவனந்தபுரத்தில் கேரள அரசின் கைரளி தியேட்டர் வளாகத்தில் 2022-ல் ஓர் 'அழும் அறை' கட்டினார்கள். குழந்தை அழுதால் அங்கே கொண்டுபோய்க் கண்ணாடி வழியே படத்தைத் தொடரலாம்; சத்தம் வெளியே வராது; தொட்டிலும் உண்டு. தி.நகர், அடையாறு பக்கமும் இப்படியொன்று கட்டத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். தொட்டிலுக்குப் பதில் ஒரு சார்ஜர் போதும். வேளச்சேரிக்காரர் உள்ளே போய் வாடகையைப் பேசி முடிக்கட்டும். குழந்தை அழுதால் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். இவரை யார் தூக்குவது?

இப்படிக்கு,
லஸ் முனையிலிருந்து ஒரு டிக்கெட்தாரர்