மாடி எடுக்கும் மருமவனுக்கு

ஏ மருமவனே, மட்டாஞ்சேரி வீட்டுக்கு மேல மாடி எடுக்கப் போறியாமே? அதுவும் வீட்டுக் குப்பையைக் கான்கிரீட்டுல போட்டு, பூமியைக் காப்பாத்திக்கிட்டே! நல்லா இரு. உன் அத்தை முட்டைத்தோடு, தேயிலைச் சக்கை, முந்தாநாள் பாயசம் எல்லாத்தையும் ஒரே வாளியில சேர்த்து வச்சிருக்கா. எடுத்துட்டுப் போ.

பாயசத்தை மட்டும் விட்டுரு. சுண்ணாம்புச் சாந்துல கருப்பட்டித் தண்ணி ஊத்தின கொத்தனார்மார் உண்டுதான். சிமெண்டுல இனிப்பு விழுந்தா அது இறுகாம அடம் பிடிக்கும். சென்ட்ரிங் பிரிக்கிற அன்னைக்கு மாடி உன்னைத் தேடிக் கீழ வரும்.

ஜப்பான் ஆராய்ச்சிக்காரங்க குழந்தை கழட்டின டயப்பரையே மணலுக்குப் பதிலாக் கலந்து, இந்தோனேசியாவுல சின்ன வீடு கட்டிக் காட்டினாங்க. 2023-ல வெளிவந்த சேதி. ஒத்தைத் தள வீடுன்னா தூணு, உத்தரத்து மணல்ல 27 சதம் வரைக்கும் போடலாமாம். மூணு தளம்னா 10 சதந்தான். ஆனா கழுவி, கிருமி போக்கி, காயவச்சு, துண்டு போட்ட பிறகு. அந்தக் கழுவுற வேலையை ஃபோர்ட் கொச்சி தோபிகானாவுல நம்ம தமிழாளுங்க தலையில கட்டிராத. துணியோட சேர்த்து உன்னையும் கல்லுல அடிப்பாங்க.

சிரட்டை போடணுமா? போடு. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்துல ஜல்லிக்குப் பதிலா உடைச்ச சிரட்டை போட்டுப் பார்த்திருக்காங்க, கனம் குறையுது. சிரட்டை தண்ணி குடிக்கும். முன்னாலயே ஊறப் போட்டிரு. கண்ணாடிப் பாட்டிலை மாவா அரைச்சாச் சிமெண்டுக்குத் துணை. சில்லாப் போட்டியோ, சிமெண்டுக் காரத்துல வீங்கி வருசம் போகப் போக வெடிப்பு விடும்.

இதெல்லாம் புதுசுன்னு நெனைச்சுக்காத. வேம்பநாட்டுக் காயல் ஓரத்துல பொம்பளைங்க கக்காச் சிப்பியை அவிச்சு, சதை வேற ஓடு வேறன்னு பிரிச்சு வைப்பாங்க. ஓட்டைச் சுட்டா சுண்ணாம்பு. கோட்டயத்துப் பக்கம் டிராவன்கூர் சிமெண்ட்ஸ் வெள்ளைச் சிமெண்டு பண்ணினதும் அந்தக் காயல் சிப்பியிலதான். படிப்பில்லாத பொம்பளை பிரிச்சா. படிச்ச நாம எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி பிரம்மபுரம் குப்பைக் கிடங்குக்கு அனுப்பினோம். 2023 மார்ச் 2-ஆம் தேதி அது பத்திக்கிச்சு. பத்து நாளுக்கு மேல கொச்சியே இருமிச்சு.

அதனால குப்பையைப் பிரிச்சு, முதல்ல முற்றத்துக்கு நாலு கல்லு வார்த்து, 28 நாள் தண்ணியில போட்டு, காலேஜ் லேபுல ஒண்ணை நசுக்கிப் பாரு. தாங்குச்சுன்னா மத்ததை முற்றத்துல பதி. தூணுலயும் தளத்துலயும் உன் வித்தையைக் காட்டாத. கீழ படுத்திருக்கிறவன் நான்.