மாடல் பெயரை மறந்துவிடுங்கள்

கேள்வி: பாகூர் பக்கத்து நிலத்துக்காக வாங்கிய பழைய வைக்கோல் கட்டும் மெஷின் ஒன்று இருக்கிறது. அந்த மாடலையே நிறுத்திவிட்டார்களாம். ஸ்பேர் பார்ட்ஸுக்கு எங்கே போவது?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: உங்கள் ஊரில் ஏர்போர்ட் இருக்கிறது என்பதற்காக விமானம் ஏறிவிடாதீர்கள். முதலில் மெஷினைத் துடையுங்கள். பாதி 'கிடைக்காத' பாகங்கள் கிரீஸ் அழுக்குக்குள் எண்ணோடு ஒளிந்திருக்கும். பேரிங் ஓரத்தில் 6205 என்று பொறித்திருந்தால் அதுதான் அதன் ஜாதகம். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 25 மி.மீ. வெளிவிட்டம் 52, அகலம் 15. எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். மாடல் பெயரைச் சொன்னால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். எண்ணைச் சொன்னால் டப்பாவை எடுத்து வைப்பார். ஆயில் சீலும் அப்படியே.

ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறதே என்று கெட்டி போல்ட் கேட்காதீர்கள். கியர் பாக்ஸுக்காக உடையவே பிறந்த தியாகி அது. அது பிழைத்தால் கியர் போய்ச் சேரும்.

சதுரக் கட்டு மெஷின் என்றால், வம்பெல்லாம் முடிச்சுப் போடும் பாகத்தில்தான். கிளி மூக்கு மாதிரி ஒரு சின்ன இரும்பு. ஒரு சுற்றுச் சுற்றி, வாயைத் திறந்து கயிற்றைக் கவ்வும். 1870-களில் அமெரிக்காவின் ஜான் ஆப்பிள்பி உருவாக்கிய வித்தை. உள்ளூர் லேத்தில் கடைந்தால் மூக்கு வரும், முடிச்சு வராது. வாடகைக்கு வைக்கோல் கட்டுகிறவர்களின் கொட்டகையை எட்டிப் பாருங்கள். ஓடும் மெஷினுக்குப் பின்னால் செத்த மெஷின் ஒன்று கிடக்கும். ஆனால் அறுவடை சமயத்தில் போகாதீர்கள். மூக்கு அல்ல, முகம்கூடக் கொடுக்க மாட்டார்கள்.