புரோக்கர் வாங்கித் தர்ற சர்பத்து

ஏண்டா பேராண்டி, பைபாஸ் வந்ததுலேருந்து நம்ம தெருவுக்கு மவுசு வந்துடுச்சாமே! கார்ல வந்து எறங்குற புரோக்கர் என்னைப் "பெரியவரே"ங்கிறான். வயலெல்லாம் கல்லு நட்டு பிளாட்டாப் போனப்பறந்தான் எனக்கே வயசானது தெரியுது. அந்த ஒரு வார்த்தைக்கும் அவன் வாங்கித் தர்ற சர்பத்துக்குமே மனையை எழுதிக் குடுத்துடலாம்னு உனக்குத் தோணுது. குடு, தாராளமாக் குடு.

எங்கப்பா குடிசை போட்டிருந்தது மிராசுதார் மண்ணுல. பண்ணையில முகம் சுளிச்சா அன்னைக்கே சட்டிபானையைத் தூக்கணும். 1952ல ராஜாஜி பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டாந்தார், நெனச்சபடி வேலையை விட்டுத் தள்ளக்கூடாதுன்னு. 1961ல இன்னொண்ணு, குடியிருப்பை விட்டு வெரட்டக்கூடாதுன்னு. வெரட்டக்கூடாதாம், ஆனா மண்ணு மட்டும் மிராசுதாரோடதாம்! கூலித் தகராறுல கீழ்வெண்மணியில 44 உசுரு குடிசையோட எரிஞ்சது 1968ல. அதுக்கும் பின்னாடி, 1971ல, கலைஞர் ஆட்சியிலதான் குடியிருக்குற விவசாயக் கூலிக்கே மனை சொந்தம்னு சட்டம் வந்துது. இம்புட்டும் நடந்தது நீ சர்பத்துக்கு விக்கத்தான்னு இப்பல்ல புரியுது.

ஆனா ஒண்ணு, விக்கிறதுக்கும் நமக்குத் துப்பு இல்லையேடா! பட்டா இன்னும் எங்கப்பா பேருல. மனுசன் செத்தும் தாலுகா ஆபீஸ் கணக்குல மனைக்குக் காவல் இருக்காரு. நீயோ கலைஞர் கனவு இல்லம் திட்டத்துல 3.5 லட்சம் வரும், 360 சதுர அடியில கான்கிரீட்டு வீடு கட்டலாம்னு கனாக் காணுறே. பட்டா யாரு பேருலன்னு கேட்டா, செத்தவரைக் கூட்டிட்டா போவே?

உனக்குத் தெரியாதது புரோக்கருக்குத் தெரியும். வாரிசு யாரு யாருன்னு உன்னைவிடச் சுத்தமா எழுதி வச்சிருக்கான். திருப்பூர் பனியன் கம்பெனியில இருக்கிற உன் அத்தையை நாம யாரும் போய்ப் பாக்கல. அவன் பழத்தட்டோட பாத்துட்டு வந்துட்டான். ஒரு பங்காளி கையெழுத்து கெடைச்சாப் போதும், மிச்சப்பேரைக் கோர்ட்டுப் படியேத்தி அலுக்க வைக்கலாம். மிராசுதார் அதட்டி எழுப்புனாரு, இவன் கும்பிட்டு எழுப்புறான். அதட்டுனதைத் தடுக்கச் சட்டம் வந்துது. கும்பிடு போடுறதை எந்தச் சட்டம் தடுக்கும்?

அதனால வாரிசுச் சான்றிதழ் வாங்கு, அத்தைக்குப் போன் போடு. ஜமாபந்திக்குத் தாசில்தார் ஆபீஸ்ல கூட்டமா இருக்கும், வரிசையில நின்னு பட்டா மாறுதலுக்கு மனு குடு. பட்டா வந்ததும் உன் பொண்டாட்டிகிட்ட குடுத்து வை, அவளை ஏமாத்துறது புரோக்கருக்கும் கஷ்டம். "பவர்"னு எவன் தாளை நீட்டினாலும் கண்ணு தெரியலன்னுடு. நான் அப்படித்தான் சொல்றேன், கண்ணு நல்லாத்தான் தெரியுது.

சர்பத்தை மட்டும் விட்டுடாத, வாங்கிக் குடி. அதுக்குப் பத்திரம் எழுதச் சொல்லமாட்டான்.